தலையணை உறைக்குள் போன கை

அந்தத் தலையணை உறை இன்னும் இஸ்திரி அறை அலமாரியில், கம்பளிகளுக்கு அடியில் இருக்கிறது. வெள்ளைத் துணி, ஓரத்தில் நீல நூல் தையல், வாய்ப்பக்கம் கொஞ்சம் நைந்திருக்கும். விருந்தாளிகளுக்குப் போட முடியாது என்று கழித்துவிட்டது. கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருக்கும் ஹோட்டலில் நான் துணி வெளுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே பொறுப்பில் இருந்த லாண்டரி அக்கா அதை வைத்துத்தான் எல்லாப் பரிசுக்கும் பணம் சேர்ப்பார்.

யாருக்காவது கல்யாணம், குழந்தை, மாற்றல் என்றால் மதியச் சாப்பாடு முடிந்ததும் உறையோடு வந்து நிற்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவருடையது. பேச்சில் அது தெரியும். "கைய மூடிக்கிட்டு உள்ளுக்கு விடுங்க, விரிச்சிக்கிட்டு எடுங்க. யாரு எவ்வளவு சல்லி போட்டாங்கங்கிற கதையே வேணாம்" என்பார். இல்லாதவரும் வெறுங்கையை விட்டு எடுக்க வேண்டும். அதுதான் முறை. எவ்வளவு போடலாம் என்று யாரிடமும் கேட்கக் கூச்சப்படும் எனக்கு அந்த முறை நிம்மதியாக இருந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடப்பதுதான் யாருக்கும் பிடிக்கவில்லை. அக்கா உறையோடு இஸ்திரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரும்போது நோட்டுகளெல்லாம் இஸ்திரி போட்டு, சுருக்கமில்லாமல், ஒரே கட்டாக இருக்கும். நான் போட்ட கசங்கல் நோட்டு எது, மஞ்சள் கறை நோட்டு எங்கே போனது என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. தோட்டக்கார அண்ணன்தான் இதை வாய்விட்டுச் சொல்வார். மன்னவனூர் பஸ்ஸில் வருபவர், எங்களில் அவர் மட்டும் தினக்கூலி.

"இஸ்திரி போட்டா துணி சுருங்காதும்பாக. நோட்டு சுருங்குமா தாயி? கதவத் தெறந்து வச்சு எண்ணுனா காத்துல பறந்துருமாக்கும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை, ஆனால் கவனித்தேன். கதவு சாத்தியிருக்கும் நாட்களில், அறைக்குள்ளிருக்கும் வெந்நீர் பாய்லர் அடுப்பின் புகையில் பச்சையாக ஒரு வாடை வரும். தைலம் போல. எதையோ எரிக்கிறார் என்று தோன்றியது. தப்புச் செய்யாதவருக்கு எரிக்க என்ன இருக்கும்?

முழங்கால் வலி தாங்காமல் அக்கா வேலையை விட்டபோது, அவருக்கான பரிசுக்கு உறையை யார் பிடிப்பது என்ற பேச்சு வந்தது. மேனேஜர் என்னைக் காட்டினார். பேசத் தெரியாதவள் திருடமாட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. எல்லோரும் உறைக்குள் கையை விட்டு எடுத்தார்கள். தோட்டக்கார அண்ணன் கையை விட்டபோது உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது.

அக்காவைப் போல நான் கதவைச் சாத்தப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இஸ்திரி அறைக்குள் போய், கதவை அகலத் திறந்துவைத்து, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கட்டும் என்று மேசையில் உறையைக் கவிழ்த்தேன். நோட்டுகளுக்கு நடுவே ஒரு தைலமர இலை விழுந்தது. நோட்டைப் போல நாலாக மடித்து, விரிந்துவிடாமல் வாழைநாரால் ஒரு கட்டு. முன்வாசல் டேலியாச் செடிகளைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருக்கும் அதே முடிச்சு. வெறுங்கை சத்தம் தராது. அதற்காகத் தோட்டக்கார அண்ணன் இலையைத் தேடியிருக்கிறார். கட்டாமல் போட்டிருந்தால் யார் என்று தெரிந்திருக்காது.

யாரும் எட்டிப் பார்ப்பதற்குள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

இலையை பாய்லரில் போட்டேன். அதே வாடை வந்தது. நோட்டுகளை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டேன். வெளியே வந்ததும் தோட்டக்கார அண்ணன், "நீயும் கதவச் சாத்திப்புட்டியே தாயி" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தார். பிறகு தனியாக வந்து, "எல்லாம் சரியா இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுண்ணே."

மண் படிந்த நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு இஸ்திரி அறையைப் பற்றி அவர் கேலி பேசவில்லை.

அக்காவைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, பரிசாகக் கிடைத்த கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார். "இலை இருந்திச்சா பிள்ளை?" தலையாட்டினேன். "எரிச்சிட்டதானே?" "எரிச்சிட்டேன்க்கா." அவ்வளவுதான் பேச்சு. அவர் பணம் எடுத்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஓர் இலையை எரிக்க அவ்வளவு நேரமா என்று மனது கேட்கிறது. அத்தனை நோட்டுக்கும் இஸ்திரி போட வேண்டாமா என்று அதுவே பதிலும் சொல்கிறது.

இப்போது எல்லாம் போனில். சமையல்காரர் மகள் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப் குரூப் போட்டிருக்கிறார்கள். பெயர், அதற்கு நேரே தொகை. எனக்கு முன்னால் போட்டவர்களின் தொகையைப் பார்த்துப் பார்த்து, கூடவும் குறையவும் இல்லாமல் நடுவில் ஒன்றைப் போட்டேன். தோட்டக்கார அண்ணன் பெயருக்கு நேரே மட்டும் ஒன்றும் இல்லை. ரிசப்ஷனில் இருக்கும் பெண் அங்கே ஒரு கேள்விக்குறி வைத்திருந்தாள். நினைவூட்ட வைத்ததா, எல்லோரும் பார்க்கட்டும் என்று வைத்ததா என்று நேற்று முழுக்க எனக்கு யோசனை.

இன்று வெள்ளனே தோட்டக்கார அண்ணன் இஸ்திரி அறை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவுமில்லை.

"தாயி, அந்தத் தலகாணி உறை கெடக்கா?"

கம்பளிகளை நகர்த்தி அதை எடுத்து, வாயை விரித்துப் பிடித்தேன். மூடிய கை உள்ளே போயிற்று. சரசரவென்றது. விரித்த கை வெளியே வந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் படியிறங்கிப் போனதும், உறையைத் திறப்பதற்கு முன்பே, அவர் பெயருக்கு நேரே 'தந்துவிட்டார்' என்று போனில் எழுதினேன். பிறகு எழுந்து கதவைச் சாத்தினேன்.