மில்லிமீட்டர் வாங்கிய பேட்டரி

சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடியை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் பேட்டரியை வைக்கிறார். அட்டையில் செய்த கார் பேட்டரி. நீளம், அகலம், உயரம் எல்லாம் அச்சு அசல். மேலே இருக்கவேண்டிய இரண்டு முனைகளுக்குப் பசை பாட்டில்களின் மூடிகள் இரண்டை ஒட்டியிருக்கிறார். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, தானே செய்த பெட்டியைத் தானே மறுபடி அளக்கிறார். "சரியாத்தான் இருக்கு" என்கிறார், யாரோ சந்தேகப்பட்டதுபோல.

எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏங்க, இதை வெச்சு வண்டி ஓடுமா?"

"ஓடறதுக்கு இல்லம்மா இது. ஒழுங்கா உட்காருதான்னு பார்க்கறதுக்கு."

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சாம்பிள் அறை அவருடைய ராஜ்யம். கண்ணாடி ஜாடி, மேஜை விளக்கு, குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டி, எது வந்தாலும் சரி. அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அளந்து, வெட்டி, மடித்து, அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு பெட்டி செய்து கொடுத்துவிடுவார். காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வராது. அங்கே அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டில் ஒரு கட்டில் வாங்குவதற்கு முன்னால், கட்டில் வரப்போகும் இடத்தில் தரையில் ஒட்டுநாடாவால் கோடு போட்டு, ஒரு வாரம் எல்லோரையும் அந்தக் கோட்டைச் சுற்றி நடக்கவைத்தவர் அவர். இல்லாத கட்டிலில் கால் இடித்துக்கொள்ளாமல் நடந்து பழகிய குடும்பம் இது ஒன்றாகத்தான் இருக்கும். செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் தன் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து பார்ப்பார், இவர் அதே இடது காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கல்லூரிக்குப் போகும் மகள் ஒருமுறை கேட்டாள்: "அம்மா, உன்னைக் கல்யாணம் பண்ணிக்க மட்டும் அப்பா எப்படிச் சட்டுனு சம்மதிச்சார்?"

"யோசிக்க எங்கே விட்டாங்க? எங்கப்பா நேரா மண்டபத்தைப் பேசி முடிச்சுட்டார்."

மில்லிமீட்டரும் சேர்ந்து சிரித்தார். அவரிடம் கோபப்படுவதில் இருக்கும் கஷ்டமே அதுதான். திட்டினால் திருப்பித் திட்டமாட்டார். உலகத்திலேயே நியாயமான மனிதர் தான் ஒருவர்தான் என்பதுபோல ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, "ஒரு ரெண்டு நாள் பொறு" என்பார்.

இப்போது பொறுக்க முடியாத இடத்தில் வந்து நின்றது கார். கைக்கு அடக்கமான கார், வேறு யாரோ ஓட்டிக் களைத்து விற்றது. பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாய்க்கு வரும். பானெட்டைத் திறந்தால் அதைவிட நெருக்கடி. ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு குழாயும் வயருமாக நிற்க, மிச்சமிருக்கும் ஒரு சின்னத் தட்டில்தான் பேட்டரி உட்கார வேண்டும். பெரிய பேட்டரிக்கு அங்கே இடமே கிடையாது. அந்தச் சின்னப் பேட்டரியும் மூன்று வாரமாகச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருகினால் வயதானவர் இருமுவதுபோல ஒரு சத்தம். நல்ல நாளாக இருந்தால் நாலாவது இருமலில் செல்ஃப் எடுக்கும்.

அந்தக் கார்தான் அவர் மனைவியின் வேலை. அவள் நர்ஸ். நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், ஊசி போடுவாள், சிறுநீர்க் குழாய் மாற்றுவாள். பல வருஷம் இரவு வார்டில் கண்விழித்து, மகளின் முகத்தைப் பாதி நாள் தூங்கும்போதே பார்த்து, மேலதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டு வாங்கிய பகல் வேலை இது. வந்த பிறகுதான் அவளுக்குத் தலைவலி நின்றது, வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேட்டரியின் புண்ணியத்தில் இரண்டு முறை தாமதமாகிவிட்டது. சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை லேட்டானா, நம்பகமான வண்டி இருக்கறவங்களுக்கு இந்த ஏரியாவைக் குடுத்துட்டு, உங்களைப் பழையபடி நைட் வார்டுக்குப் போட்டுடுவேன். எனக்கு வேற வழி இல்ல சிஸ்டர்."

இதை அவள் வீட்டில் வந்து சொன்னபோது மில்லிமீட்டர் உண்மையாகவே பதறிப்போனார். பதறிப்போய் என்ன செய்தார்? பேட்டரி வாங்கினாரா? இல்லை. அட்டையை எடுத்து வெட்ட ஆரம்பித்தார்.

பானெட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரியவேண்டும் என்று, சமையலறையில் பிசைந்து வைத்திருந்த மாவில் ஓர் உருண்டையைக் கிள்ளிக்கொண்டு போய்ப் பேட்டரியின் தலையில் வைத்து, பானெட்டை மூடித் திறந்து, நசுங்கிய மாவை அளந்தார். இரண்டு பேட்டரிகள் போட்டியில் இருந்தன. ஒன்றுக்குச் சக்தி கொஞ்சம் அதிகம், ஆனால் ஒரு விரற்கடை கூடுதல் உயரம். இன்னொன்று தட்டில் கச்சிதமாக உட்காரும், சக்தியில் கொஞ்சம் மட்டு. காலையில் உயரமானது ஜெயிக்கும். சாயங்காலம் குட்டை முந்திவிடும். ஒருநாள் முடிவுக்கே வந்துவிட்டார் என்று அவள் நினைத்தபோது, "தயாரிச்ச தேதி பார்த்தேன். கடையில ரொம்ப நாள் கிடந்த மாதிரி இருக்கு. புதுச் சரக்கு வரட்டும்" என்றார்.

"நானே போய் வாங்கிக்கறேன்" என்று அவள் ஒருநாள் கைப்பையை எடுத்தாள். அவர் முகம் அப்படியே தொங்கிவிட்டது.

"வாங்கிக்கோ. ஆனா நடுவழியில நீ தனியா நின்னுடக் கூடாதேன்னுதான் இவ்வளவு பார்க்கறேன்."

"இப்ப மட்டும் என்ன? தினம் நின்னுட்டுத்தானே இருக்கேன்!"

"அதான் சொல்றேன். ஒரு ரெண்டு நாள்."

அவள் கைப்பையை மறுபடி ஆணியில் மாட்டினாள்.

ஊரில் இருக்கும் பேட்டரிக் கடைகளுக்கெல்லாம் அட்டை பேட்டரி பழக்கமாகிவிட்டது. ஒரு கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கனமே இல்லியே சார், இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டாராம். மில்லிமீட்டர் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மடிப்பு எப்படிப் போட்டது என்று விளக்கிவிட்டு வந்தார். கடைசியாகப் போன கடையில் ஒரு பெண்மணி இருந்தார். கை முழுக்கக் கரி, பேச்சில் சுருக்கம்.

"பழைய பேட்டரியைக் கழட்டிக் கொண்டாங்க சார், அதே மாதிரி பார்த்துக் குடுத்திடறேன்."

"பழசே தப்பா இருந்தா? முந்தி வெச்சிருந்தவன் எதைக் கொண்டுவந்து மாட்டினானோ."

"சரி, இதுல பிளஸ் எந்தப் பக்கம்?" என்று அட்டையின் மூடிகளைத் தொட்டுக் காட்டினார் அந்த அம்மாள்.

"பெட்டிதானேம்மா. எந்தப் பக்கம் இருந்தா என்ன, திருப்பி வெச்சா போச்சு."

இருபது வருஷமாகப் பெட்டி செய்கிறவர். அவர் செய்த பெட்டி எதற்கும் இடது வலது கிடையாது. அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இவர் உயரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை மூன்று வீடு முடித்துவிட்டு அவள் காரில் ஏறிச் சாவியைத் திருகினாள். இருமல்கூட இல்லை. மிச்சமிருந்தது ஒரே வீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம், காலில் புண்ணோடு படுத்திருக்கும் ஓர் அம்மாள். அவருடைய மகன் வேலைக்குக் கிளம்புவதற்குள் போயாக வேண்டும், அவன் போய்விட்டால் கதவைத் திறக்க ஆளில்லை. டாக்ஸி கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். அதற்குள் அதுவே அடித்தது. மில்லிமீட்டர்.

"முடிச்சாச்சு! குட்டையையே எடுத்துட்டேன். பில் போட்டுட்டாங்க" என்றார் குதூகலமாக. அவள் விஷயத்தைச் சொன்னதும், "டாக்ஸியெல்லாம் வேண்டாம், இதோ, பத்தே நிமிஷம்" என்றார்.

வந்ததும் டாக்ஸியில்தான். மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல் பேட்டரியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். "டாக்ஸி நிக்கட்டுமே" என்று அவள் சொன்னாள். "எதுக்கு? அஞ்சு நிமிஷ வேலை" என்று அனுப்பிவிட்டார்.

பழையதைக் கழற்றினார். புதியதைத் தட்டில் இறக்கினார். இறங்கிய அழகைப் பார்க்கவேண்டுமே! ஒரு நூல் இடைவெளி இல்லை. "பார்த்தியா? சிக்குனு உட்கார்ந்துச்சு!" என்று அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பிளஸ் வயரை இழுத்தார். வயர் ஒரு பக்கம் இருந்தது, பிளஸ் முனை மறுபக்கம் இருந்தது. நடுவே நாலு விரற்கடை. பேட்டரியைத் தூக்கித் திருப்பி வைத்தார். இப்போது இரண்டு முனையும் முன்னால் போய்விட, இரண்டு வயரும் எட்டவில்லை. மறுபடி திருப்பினார். ஏதோ மூன்றாவதாக ஒரு திசை இருப்பதுபோல் அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"இந்த வயரைக் கொஞ்சம் இழுத்து…" என்று ஆரம்பித்தார்.

"கையை எடுங்க! போதும்! மூணு வாரம் மாவு வெச்சுப் பார்த்தீங்க, அட்டை வெச்சுப் பார்த்தீங்க. என் வேலை போயிடும்னு ஒரு நாள் பார்த்தீங்களா?"

தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை எடுத்துவிட்டார்.

பில்லில் இருந்த எண்ணைப் பார்த்து, அந்தக் கடைக்காரப் பெண்மணிக்கு அவளே போன் செய்தாள். "அதைத்தான்மா அன்னிக்கே கேட்டேன்" என்று அலுத்துக்கொண்டாலும், பிளஸ் சரியான பக்கம் இருக்கும் பேட்டரியோடு உடனே ஆளை அனுப்புவதாகச் சொன்னார். டாக்ஸி கிடைக்க நேரமாயிற்று. அவள் பாலம் தாண்டிப் போனபோது வீட்டில் பூட்டு தொங்கியது. உள்ளேயிருந்து, "யாரு, சிஸ்டரா? பையன் இவ்வளவு நேரம் பார்த்துட்டு இப்பத்தான்மா போனான். ஆபீசுக்கும் போன் பண்ணிட்டான்" என்று அந்த அம்மாளின் குரல் மட்டும் வந்தது. அவள் ஜன்னல் வழியாக மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

அவள் கார் அருகே வந்து இறங்கும்போது சூப்பர்வைசர் அம்மா போனில் கூப்பிட்டார். நீளமாக ஒன்றும் பேசவில்லை. புண்ணோடு இருக்கும் அம்மாளிடம் சாயங்காலம் வேறு ஒருவர் போவார். திங்கட்கிழமையிலிருந்து இவளுக்கு நைட் வார்டு. "ஆஸ்பத்திரி வேன் வீட்டு வாசலுக்கே வந்துடும், உங்களுக்கு வண்டிக் கவலை இருக்காது" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மில்லிமீட்டர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். கடை ஆள் வந்து சரியான பேட்டரியை மாட்டிவிட்டுப் போயிருந்தான். அவள் சாவியைத் திருகினாள். அரைத் திருப்பில் கார் புதுசுபோல உறுமியது. அந்தச் சத்தத்தைக் கேட்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவர் பக்கத்துச் சீட்டில் ஏறிக்கொண்டார். கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை வந்ததும், "கொஞ்சம் நிறுத்து" என்றார். நிறுத்தினாள். அவர் உள்ளே போனார். இனி எத்தனை நேரமோ என்று அவள் இன்ஜினை அணைத்துவிட்டு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடிய கண்ணைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கையில் ஒரு பிளாஸ்க்.

"எதுக்கு?"

"ராத்திரியில டீ… உனக்கு."

"எத்தனை கப் பிடிக்கும்?"

"தெரியல. கேக்கல" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்து அவள் கேட்டதில்லை. கோபம் போய்விடவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிளாஸ்கை வாங்கி, சீட்டுகளுக்கு நடுவே இருந்த தன் நர்ஸ் பைக்குள் இறக்கினாள். பாதிதான் போயிற்று. ஜிப் மூடவில்லை, கழுத்துக்கு மேலே வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அவள் காரைக் கிளப்பினாள். மில்லிமீட்டர் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்க் சாய்ந்துவிடாமல் அதன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வீடு வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.