அக்காவும் என் மகனின் முதல் வாய்ச் சோறும்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதுமாறு அவருடைய மூத்த மகள் என்னைக் கேட்டபோது, "சித்தி, அம்மாவ தெய்வமா ஆக்கிராதீங்க. இருந்த மாதிரியே எழுதுங்க" என்றாள். இருந்த மாதிரி எழுதுவதென்றால் முதல் வரியிலேயே ஒரு சண்டை வந்துவிடும். அதனால் முறைப்படி பிறந்த ஊரிலிருந்து தொடங்குகிறேன். சண்டை அதன் நேரத்தில் வரும்.

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஐந்து பிள்ளைகளில் அக்கா மூத்தவர், நான் கடைசி. எங்களுக்கிடையே பதினாறு வயது. அப்பா அரிசி ஆலையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். அவர் திடீரென்று காலமானபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு மூன்று. அக்கா கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுச் செவிலியர் பயிற்சிக்குப் போனார். அம்மா அதன்பிறகு அதிகம் பேசவில்லை. வீட்டில் பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசத் தொடங்கினார். கடைசி வரை நிறுத்தவில்லை.

நாங்குநேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார். ஊர்க்காரர்களுக்கு அவர் 'நர்சம்மா'. மொபெட்டின் முன்பக்கம் மருந்துப் பை, பின்பக்கம் குழந்தைகளைத் துணித்தொட்டிலில் போட்டு எடை பார்க்கும் தொங்கு தராசு. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட ஒரு சொட்டு கூடாது என்பது அவர் வாக்கு. அந்த மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சர்க்கரைத்தண்ணீர்க் கிண்ணங்கள் முந்தானைக்குள் மறைந்துவிடும் என்று அந்த ஊர்ப் பெண்களே பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த மொபெட் எங்கள் வீட்டு வாசலிலும் வந்து நின்றது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

திருமணமாகி நான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தேன். மகன் பிறந்தபோது பள்ளியில் நான்கு மாதம் விடுப்பு தந்தார்கள். என் கணவருக்குக் கூடங்குளத்தில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். அணுமின் நிலையத்தில் ஆறு நாள் இருக்கும்போது வராத பயம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்படி ஏறும்போது தனக்கு வருவதாகச் சொல்வார். காரணம், ஞாயிறுதோறும் அக்கா தராசோடு வந்து உத்தரத்துக் கொக்கியில் என் மகனைத் தொங்கவிடுவார். என் மாமியாரான அத்தை அதன் கீழே இரு கைகளையும் ஏந்தியபடி நிற்பார்.

நான் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய வாரம் வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போவது அத்தை. அவர் கேப்பையை ஊறவைத்து, முளைகட்டி, அரைத்து, துணியில் வடிகட்டிக் காயவைத்துத் தயாராக இருந்தார்.

"அவன் அப்பனுக்கு மூணு மாசத்துலயே கேப்பக்கூழு குடுத்தேன். இன்னிக்கு ஆறடி வளந்து நிக்கான்" என்றார் அத்தை.

"அத்த, அதுக்கு அந்தக் கூழு காரணமில்ல. மாமா ஆறடி" என்றார் அக்கா.

"அப்பம் பிள்ளை பகல் பூரா பட்டினி கெடக்கணுமா?"

"பால எடுத்து வச்சிட்டுப் போவா. நீங்க பாலாடையில புகட்டுங்க."

எடுத்து வைப்பது என்றால் என்ன என்று அத்தைக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். "பீச்சி வைக்கவா? ஏம்மா, அவ வாத்திச்சியா, பசுமாடா?"

ஆனாலும் அத்தை ஒத்துக்கொண்டார். தினமும் காலையில் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போவேன். அத்தை அதை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, சங்கு போன்ற பாலாடையில் ஊற்றிப் புகட்டுவார். இரண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

பின்வரும் செய்தி இதுவரை எழுத்தில் வந்ததில்லை. என் மாமனாருக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. கண் அறுவைக்குப் பின் பொடி எழுத்தும் தெரிகிறது என்று மகிழ்ந்துகொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்துக்கு வரும்போது அவர் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

ஒருநாள் மாலை நான் பள்ளியிலிருந்து வந்தபோது மாமா முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அத்தை கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்ததால் தானே போட்டுக்கொண்டதாகச் சொன்னார். அடுக்களை மேடையில் என் டம்ளர் காலியாக, மூடி தனியாகக் கிடந்தது. அத்தை உள்ளே வந்து டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மாமா கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, "இன்னிக்குப் பாலு தித்திப்பா இருக்கே. பால்காரன மாத்திட்டியளா?" என்றார்.

அத்தை முகத்தில் ஓர் அசைவும் இல்லை. "ஆமா. மாத்தியாச்சு."

"இந்த ஆளையே வச்சிக்கிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை இதைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பில் தராசு ஆடி, எடையை மூன்று முறை பார்க்க வேண்டியதாயிற்று. அக்காவும் அத்தையும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுவே முதல்தடவை.

ஐந்தாம் மாதம் முடிந்தது. யார் என்ன சாப்பிட்டாலும் மகன் அவர்கள் வாயையே பார்க்கத் தொடங்கினான். "ஏங்கிப் போவான்" என்று அத்தை தினமும் சொன்னார். அந்த மாதம் எடையும் கொஞ்சமாகத்தான் ஏறியிருந்தது. "தல நின்னுட்டு. பிடிச்சி உக்காரவச்சா இன்னும் சாயுதான். வாயில விரல வச்சா நாக்கால தள்ளுதான். இன்னும் நாலு வாரம் பொறுங்க" என்றார் அக்கா.

எனக்குத்தான் பொறுக்க முடியவில்லை. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் குவிந்திருந்தன. தூக்கமில்லை. பால் குறைந்துகொண்டே வந்தது, டம்ளர் அரைகூட நிறையவில்லை. ஒரு சாயங்காலம் அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். மகன் அழுதான், நானும் அழுதேன். பிறகு ஒரு நாட்டுப்பழத்தை எடுத்துப் பாதியை மசித்து, விரல்நுனியால் அவன் வாயில் வைத்தேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு, இவ்வளவு நாள் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்பதுபோல என்னைப் பார்த்தான். மறுநாளும் கொடுத்தேன். தோலை மட்டும் வீட்டுக் குப்பையில் போடவில்லை, காகிதத்தில் சுற்றிப் பள்ளிக்கூடக் குப்பைத் தொட்டியில் போட்டேன். கணக்கில் தப்பு வராது என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. தராசில் போடுவதற்காக அக்கா அவன் இடுப்புத்துணியை அவிழ்த்தார். அவிழ்த்தவர் குனிந்து பார்த்தார். சன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார்.

"கறுப்பு கறுப்பா நூலு மாதிரி இருக்கு. இது வாழப்பழம்."

என் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

அக்கா நேரே அத்தையிடம் திரும்பினார். "அத்த, படிச்சிப் படிச்சிச் சொன்னேனே. நாலு வாரம் பொறுக்க முடியலையா? பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு ஓடுறது? எதுக்குக் குடுத்திய?"

"நான் எங்கன குடுத்தேன்? வானமாமலைப் பெருமாள் சத்தியமா..." என்று தொடங்கிய அத்தை, என் முகத்தைப் பார்த்தார். சத்தியம் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ஆமா, நாந்தான் குடுத்தேன். இப்பம் அதுக்கு என்னங்கிய, நர்சம்மா?"

அத்தை 'நர்சம்மா' என்று கூப்பிட்டால் கோபம் என்று பொருள். அக்கா தராசைச் சுருட்டிப் பையில் வைத்து மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது. பிறகு அடுக்களையில் அத்தையிடம், "ஏன் அத்த அப்படிச் சொன்னிய?" என்று கேட்டேன்.

"எனக்கு அவ ஏச்சு பழகிட்டு. உனக்கு அவ அம்மா மாதிரி. நீ தாங்க மாட்ட" என்றார் அத்தை. பிறகு, "பழத்த இனிக் குடுக்காத. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

இரண்டு ஞாயிறுகள் அக்கா வரவில்லை. உத்தரத்துக் கொக்கியில் யாரோ குடையை மாட்டிவைத்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்குநேரிக்குப் பேருந்து ஏறினேன். அக்கா வீட்டு முற்றத்தில் தராசுத் துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, பழம் குடுத்தது நான். அத்தை இல்ல."

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, ஏன் குடுத்த?"

சொன்னேன். விடைத்தாள், தூக்கம், நிறையாத டம்ளர், எல்லாம் சொன்னேன்.

கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "நானும் குடுத்தேன். மூத்தவளுக்கு நாலு மாசம். அம்மாட்ட விட்டுட்டு வேலைக்கு வந்துட்டேன். கேப்பக்கூழு. வயித்தால போயி, பெரியாஸ்பத்திரியில எட்டு நாளு. தலையில நரம்பு தேடி ஊசி போட்டாவ. டாக்டரு கேட்டாரு, பாலத் தவிர என்ன குடுத்தன்னு. நர்சு வேலை பாத்துக்கிட்டு எப்படிச் சொல்ல? ஒண்ணும் குடுக்கலன்னுட்டேன். எட்டாவது நாளு வர அதையேதான் சொன்னேன்."

அந்த மூத்த மகளின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

"இத்தன வருசமா ஊரூராப் போயி ஏன் குடுத்தன்னு ஏசிருக்கேன். பதில் சொல்லுததுக்கு ஒருத்திக்கும் நேரம் குடுத்ததில்ல" என்றார். பிறகு எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். "வா, போவோம்."

பாளையங்கோட்டை வீட்டில் அத்தை கதவைத் திறந்தார். அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்த, நான் பேசுனது தப்பு" என்றார்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காப்பி குடிக்கியா?" என்று கேட்டார்.

"என்ன பாலு?" என்றார் அக்கா.

ஆறு மாதம் நிறைந்த நாளில் இருவரும் சேர்ந்து அடுக்களைக்குள் போனார்கள். அரிசியும் சிறுபருப்பும் குழைய வெந்தன. அத்தை நெய் விட்டார், அக்கா கரண்டியால் மசித்தார். பெரியவர்கள் எல்லாம் வட்டமாக உட்கார்ந்தோம். அக்கா ஊட்டினார். என் மகன் அதை ஒரு கணம் வாயில் வைத்திருந்து, அப்படியே அக்காவின் மேல் துப்பினான். அத்தை ஊட்டினார். அவருக்கும் அதே மரியாதை கிடைத்தது. அடுத்த ஐந்து நாள் அவன் உதட்டைத் திறக்கவில்லை. "காக்க வச்சிக் காக்க வச்சி அவனுக்கு ரோசம் வந்துட்டு" என்றார் அத்தை. "வருவான் அத்த, பைய வருவான்" என்றார் அக்கா, ஆனால் தினமும் வேலை முடிந்ததும் வந்து எட்டிப் பார்த்தார். ஆறாம் நாள், அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மடியிலிருந்தவன் அவர் தட்டில் கைவிட்டு, ஒரு பிடி சோற்றை அள்ளித் தானே தின்றான். அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அசைந்தால் நிறுத்திவிடுவான் என்று பயமாம். கால் மரத்துப்போய், பிறகு அக்காவின் கணவர், எங்கள் அத்தான், வந்து தூக்கிவிட்டார்.

அதன்பின் ஊர்களில் அக்காவின் கேள்வி மாறிற்று. "இதுவரைக்கும் என்ன குடுத்த, சும்மா சொல்லு" என்றுதான் தொடங்குவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முந்தானைக்குள்ளிருந்த கிண்ணங்கள் வெளியே வந்தன. அதன்பிறகும் ஏசினார்தான், ஆனால் கேட்டுவிட்டு ஏசினார்.

ஓய்வு பெற்றபின் சர்க்கரை நோயும் சிறுநீரகமும் அவரை மெல்லத் தளர்த்தின. படுக்கையிலிருந்தபோது, ஊட்டுவதற்கு யார் வந்தாலும் பிடிக்கவில்லை. தட்டை மடியில் வைக்கச் சொல்லித் தானே எடுத்து உண்டார். ஆவணி மாதத்தில் ஒரு காலைப்பொழுது, அத்தானிடம் வெயில் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கையில் அமைதியாக உயிர் பிரிந்தது.

அன்று நாங்குநேரிப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். அவர்களில் ஒரு சின்னப்பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு, என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். தான் பிறந்தபோது எடை பார்த்தது நர்சம்மாதான் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "இந்த நேரத்துல கேக்கக்கூடாது. இவனுக்கு அஞ்சு மாசம். சோறு ஆரம்பிக்கலாமாக்கா? யார்ட்ட கேக்கன்னு தெரியல" என்றாள். அழுதுகொண்டிருந்த எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். அவளுக்கு வீட்டில் யார் துணை, இரவில் தூங்குகிறாளா என்றெல்லாம் கேட்டேன்.

அக்காவின் கடைசி மாதங்களில் உடனிருந்து கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், நினைத்த நேரத்தில் வண்டி கொண்டுவந்த ஆட்டோ அண்ணாச்சிக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டாருக்கும், மூட்டுவலியோடு தினமும் வந்து அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அத்தைக்கும் மாமாவுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். இந்த மலர் அவள் கைக்குக் கிடைத்தால், ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டுகிறேன். பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயதுக்குப் பக்கமாகியிருக்கும். என்ன சாப்பிடுகிறான்?