பெயர் போடாத படங்கள்

அவர் ரேணிகுண்டாவில் சினிமா விளம்பரத் தட்டிகள் வரைகிறவர், ஒல்லியான தெலுங்கர். எந்த வண்ணத்தையும் முதலில் தன் இடது கையில் தடவிப் பார்ப்பார். அவரும் என் மகனும் சேர்ந்து, புத்தூரில் சந்தை நாளன்று ஒரு வேர்க்கடலைக் கிடங்கில் தங்கள் படங்களைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். ஒரே ஒரு நாள் கண்காட்சி. புத்தூர் ஆந்திராவுக்கா, சென்னை ராஜ்யத்துக்கா என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம். வேண்டாமென்று கெஞ்சினேன்.

"பேசாம இரும்மா, ஒண்ணும் ஆவாது" என்றான் மகன்.

மதியம் தடிகளோடு ஒரு கும்பல் நுழைந்தது. "தமிழ்ப் பையன் போட்ட படம் எது? அதை மட்டும் கிழிச்சிட்டுப் போறோம்" என்றான் முன்னால் நின்றவன்.

என் மகனை மறைத்துக்கொண்டு அவர் வந்து நின்றார். "கிழிச்சிக்கோ நைனா. ஆனா நான் போட்டதுமேல கை பட்டுது, உன்னெ விடமாட்டேன்."

கும்பல் படம் படமாகப் பார்த்துக்கொண்டு போனது. எதிலும் பெயர் இல்லை. ஒவ்வொரு படத்தையும் இருவரும் ஒரே துணியில் மாறி மாறி வரைந்திருந்தார்கள்.

"இந்த மலை யாருது?"

"நீதான் சொல்லணும்."

"கீழே மேய்ஞ்சிக்கினு இருக்கிற ஆடு?"

"ஆட்டையே கேளு."

கும்பலிலேயே யாரோ சிரித்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் தடிகளை இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

இதற்காகத்தான் அவர் பெயர் போடாமல் விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அன்று அவர்கள் போனபின் நானும் தேடினேன். சுவரில் கரியால் கிறுக்கிய வயதிலிருந்து நான் பார்த்த கை அது. ஆனாலும் ஒரு படத்தில்கூட என் மகனை என்னால் தனியே கண்டுபிடிக்க முடியவில்லை.