கப்பலிலிருந்து பார்த்த ரோடு

என் மனைவியின் கை முறிந்ததற்கு அந்த அங்கிள்தான் காரணம். இங்கே அமெரிக்காவில், எங்கள் ஊர் பேர்லேண்ட் கோயில் கேன்டீனில் ஞாயிறுதோறும் இருப்பார். வேட்டி, வெள்ளை ஸ்னீக்கர்ஸ். யார் ஊர் சுற்றக் கிளம்பினாலும் விரலைத் தண்ணீரில் நனைத்து மேஜையில் ரோடு போட்டுக் காட்டுவார்.

படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வாடகை ஆர்.வி. வண்டியில் அலாஸ்கா போகிறோம் என்றதும் எங்களுக்கும் போட்டார்.

"ரோடு வெண்ணெய் மாதிரி இருக்கும்பா. ரெண்டாவது ஸ்பேர் டயர் எதுக்கு? அந்த எடத்துல அரிசி மூட்டையை வை. வண்டிக்குப் பூஜை போட்டுடு, போதும்."

எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றிக் கிளம்பினோம். கனடாவில் ஓரிடத்தில் தார் போய் ஜல்லி வந்தது. ஒரு டயர் வெடித்தது. இருந்த ஒரே ஸ்பேரை மாட்டினேன். அதுவும் வெடித்து வண்டி பள்ளத்தில் இறங்கியது. அதில்தான் என் மனைவியின் கை முறிந்தது.

திரும்பி வந்து அவரிடமே கேட்டேன்.

"அங்கிள், நீங்க அந்த ரோட்ல டிரைவ் பண்ணிருக்கீங்களா?"

"நாங்க க்ரூஸ்ல போனோம்பா. கப்பல்லேருந்து பாத்தா ரோடு நல்லாத்தான் தெரிஞ்சுது."

முகத்தில் ஒரு கூச்சம்கூட இல்லை. தெரியாது என்று சொல்வதில் அந்த மனிதருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. இப்போது ரிச்சர்ட்சன் ஊரிலிருந்து கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகளோடு, அவர் பேச்சை நம்பி வடக்கே கிளம்புகிறது.

அங்கிள், வரும் ஞாயிறு அவர்கள் முன்னால், கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: அந்த ரோட்டில் நீங்கள் ஒரு மைலாவது ஓட்டியிருக்கிறீர்களா?