வெறும் 'ரோஜர்'

எழுபதுகளில் நான் விமானியாக இருந்தேன். நான்கு நாளாகச் சரியான தூக்கமில்லாமல், ஒரு காலை மீனம்பாக்கத்தில் இறங்க வந்துகொண்டிருந்தேன். பூந்தமல்லிக்கு மேலே ஒரே மேகம். "நாலாயிரம் அடியிலேயே இருங்கள், கீழே இன்னொரு விமானம்" என்றது கட்டுப்பாட்டு அறை. அந்த உயரத்தை நான் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில், செய்தி கிடைத்தது என்பதற்கான வெறும் 'ரோஜர்' என்று முனகிவிட்டு இறங்கிக்கொண்டே இருந்தேன்.

மேகம் விலகியபோது குறுக்கே அந்த விமானம். ஜன்னலோர முகங்கள்கூடத் தெரிந்தன. துணை விமானிதான் எங்கள் விமானத்தைச் சட்டென்று மேலே இழுத்தார்.

இறங்கியதும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அம்பத்தூர்க்காரர், கண்கள் சிவந்திருந்தன.

"நீங்க திருப்பிச் சொல்லல சார். சொல்லுங்கன்னு நானும் கேக்கல. ராத்திரிலேர்ந்து விடாம ரெண்டாவது ஷிப்டு ஓடிக்கினு கீது."

இன்றும் மனைவி கடைக்கு அனுப்பினால், "அரைக் கிலோ உளுந்து" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். அவள் சிரிப்பாள். ஏன் என்று இதுவரை அவளிடம் சொன்னதில்லை.