பட்டர்வொர்த் படகில் சொன்னது

சனிக்கிழமை காலை 8.15. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பட்டர்வொர்த் படகுத்துறைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு இருபத்தைந்து மலேசிய வெள்ளி. நானும் ஐந்து வயது மகள் யாழினியும் பின்னால் உட்கார்ந்தோம். நான் கண்ணை மூடியதும் அவள் விரல் என் இமையைத் தூக்கியது.

"பாப்பா அம்மாவ தூங்க விடலயே. எங்க, ஊர் சுத்தவா, ஜாலான் ஜாலானா?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாண்ணே" என்று பொய் சொன்னேன்.

மூன்று மாதங்களுக்கு முன் என் கணவர் மாரடைப்பில் இறந்தார். பெட்டிக்குள் கிடந்தவரைக் காட்டி யாழினி கேட்டபோது, "அப்பா தூங்குறாரு" என்றேன். அன்றிலிருந்து தூங்கவே பயப்படுகிறாள், என்னையும் விடுவதில்லை. உறவினரை இழந்தவர்கள் கூடிப் பேசும் குழு ஒன்று கடலுக்கு அக்கரையில், ஜார்ஜ் டவுனில் இருப்பதாகக் கிளினிக் தாதி சொன்னார். என்னைப் பைத்தியம் என்பார்களோ என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

9.10. படகில் எனக்கு இரண்டு வெள்ளி கட்டணம். கால் மணி நேரத்துக்குள் அக்கரை. அங்கே யாராவது யாழினி முன்னால் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

10.00. லிட்டில் இந்தியாவைத் தாண்டி ஒரு கடைவீட்டின் மாடி. ஏழு பேர், குடிக்கச் சூடான மைலோ. யாழினி பக்கத்து அறையில் வண்ணம் தீட்டினாள். குழுவை நடத்தும் மேரி அக்கா, மகனைப் பறிகொடுத்தவர், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"தூங்குனா எழுந்திருக்க மாட்டோம்னு பிள்ளை நெனச்சிருக்கும்மா. செத்துட்டாருன்னே சொல்லுங்க."

"அழுதா, அக்கா?"

"அழட்டும்லா. தூக்கிக்குங்க."

"நீங்களே சொல்லிடுங்களேன்."

"நான் சொன்னா, அம்மா மறைச்சிட்டாங்கன்னு ஆயிடும்."

"என் வீட்டுக்காரி போனத நான் இன்னும் பூனைகிட்டகூட சொல்லல" என்றார் எதிரில் இருந்த பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரித்தது தவறோ என்று உடனே பயந்தேன்.

12.20. திரும்பும் படகு. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"யாழினி, அப்பா அன்னைக்குத் தூங்கல. அம்மா தப்பா சொல்லிட்டேன். அப்பா நெஞ்சு வேலை செய்யாம நின்னுடுச்சு. செத்துட்டாரு. இனிமே வரமாட்டாரு. தூக்கம் வேற. தூங்குனா நாம எழுந்திருச்சிடுவோம்."

அவள் அழவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா செத்துட்டாருன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு மேரி அக்கா ஒன்றும் சொல்லித் தரவில்லை. "எனக்குத் தெரியலடா" என்றேன். மறுபடியும் தவறாகச் சொல்லிவிட்டேனோ?

"அப்ப வீட்டுக்குப் போய் அப்பா படத்துகிட்ட சொல்லலாம்."

கரையில் இறங்கக் கூட்டம் எழுந்தது. இந்த மூன்று மாதத்தில் விளக்கேற்றும் நேரம் தவிர அந்தப் படத்தின் பக்கம் நான் போனதில்லை. ஒரு சொல் பேசியதில்லை. போகும்போது அக்கரையை நினைத்துப் பயந்தேன். இப்போது வீட்டை நினைத்துப் பயமாக இருந்தது.

"சொல்லலாம். நீயும் கூட நில்லு" என்றேன்.