எழுதாமல் விட்ட பிரசாதம்

மூன்று மாதத்தில் எடையும் சர்க்கரையும் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று கோலசிலாங்கூர் கிளினிக்கில் மருத்துவர் சொன்னார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள். அன்றே ஒரு குறிப்பேடு வாங்கி, வாயில் போட்டதையெல்லாம் நேரத்தோடு எழுதத் தொடங்கினேன்.

தொடங்கியபோது எண்பத்து நான்கு கிலோ. இரண்டு மாதம் கழித்து எண்பத்து நான்கு கிலோ நானூறு கிராம். குறிப்பேட்டின்படி நான் இளைத்திருக்க வேண்டும். எடை பார்க்கும் கருவியை இடம் மாற்றி வைத்து ஏறிப் பார்த்தேன். அதில் பிழையில்லை.

அண்ணனிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“வெள்ளி, சனி சாயந்தரம் மட்டும் ஒண்ணுமே இல்லயே. எங்க இருந்த?”

“கோயில்லண்ணே.”

“அங்க என்ன சாப்ட்ட?”

“சாப்புடல. பிரசாதந்தான். சக்கரப் பொங்கல். சனிக்கெழமன்னா வடை.”

அவர் சிரிக்கவில்லை. “குடிச்ச காலத்துல நானும் பீர எண்ணவே மாட்டேன் லா. சம்சு சாராயம் குடிச்சாத்தான் குடி. பீரு வெயிலுக்கு.”

இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்றார். ஒரு வித்தியாசம் உண்டு என்றேன். அவர் சாராயக் கடை இருக்கும் சாலையை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் வீடு திரும்புகிறார். சோற்றுப் பானைக்குச் சுற்றுவழி கிடையாது. தினமும் திறந்து, அளவாக எடுத்து, மூட வேண்டும். காலையும் மாலையும் ஒரு கிளாஸ் சம்சு குடி, மூன்றாவதைத் தொடாதே என்று அவரிடம் எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

“சொல்லியிருந்தா செத்திருப்பேன்,” என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கோயிலில் பொங்கல் பரிமாறும் அக்காவிடம் வேண்டாம் என்றேன். கரண்டி அந்தரத்தில் நின்றது.

“சாமி பிரசாதத்த வேணாங்காதம்மா. ஒரு வாய்தானே.”

“எங்கண்ணனுக்கு ஒரு வாய் சம்சு ஊத்துவீங்களாக்கா?”

“அது குடி. இது பொங்கல்.”

அண்ணன் குடியை விட்டபோது அவர் பெயருக்கு அர்ச்சனை செய்தவர் இதே அக்காதான். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கையை நீட்டினேன். தேக்கரண்டி அளவுக்கு வைத்தார். கோபத்தில் குறைத்தாரா, இரக்கத்திலா தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு, செருப்பு விடும் இடத்தில் நின்றபடியே எழுதினேன்: ஏழு மணி பத்து நிமிடம், சர்க்கரைப் பொங்கல், ஒரு தேக்கரண்டி.

சனிக்கிழமை வடையை அடியோடு விட்டேன். மாத முடிவில் ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் குறைந்திருந்தது. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருத்துவர் குறிப்பேட்டைப் படித்துவிட்டு, ஊசியை இரண்டு மாதம் தள்ளி வைத்தார்.

வெளியே காத்திருந்த அண்ணனிடம் சொன்னேன்.

“தள்ளித்தான் போயிருக்கு. போயிடல,” என்றார். தன் குடியும் அப்படித்தான் என்றார்.